நூற்றுக்கு மூன்று

ஒரு புதிர் போடுகிறேன். நூறு பெண்களில் மூன்று பேருக்குத்தான் நோய் பரவியிருக்கும். அந்த மூவரில் ஒருத்தியைக் கூப்பிட்டு, "உனக்குப் பரவியிருக்க எத்தனை வாய்ப்பு?" என்று கேட்டால் என்ன சொல்லுவாள்?

புற்றுநோய் அறுவை மருத்துவம் பயின்றுகொண்டிருந்த செவ்வந்திக்கு இந்தப் புதிர் தோன்றவே இல்லை.

பேச்சியம்மாளுக்குக் கருப்பையின் உட்சுவரில் புற்று. தையல் மிஷின் மிதித்துப் பிழைப்பவள். செவ்வந்தி ஸ்கேனையும் சதைச் சோதனையையும் வைத்துக் கணக்குப் போட்டாள். நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருக்க வாய்ப்பு நூற்றுக்கு மூன்று.

"கருப்பையை மட்டும் எடுப்போம், மேடம். முடிச்சையெல்லாம் எடுத்தா கால் வீங்கிடும். அவங்களுக்குக் காலுதான் சோறு."

"எல்லாத்தையும் யாரு எடுக்கச் சொன்னா?" என்றார் அவளுடைய ஆசிரியர் டாக்டர் ரெஜினா. "சாயம் ஏத்துவோம். முதல்ல எந்த முடிச்சு பச்சையாகுதோ அது மட்டும். நோய் பரவினாலும் முதல்ல அங்கதான் போகும். இடம் வலம், பக்கத்துக்கு ஒண்ணு."

"வெறும் மூணுக்காகவா, மேடம்?"

"மூணுக்காகத்தான்."

அறுவை முடிந்து பத்தாம் நாள் அறிக்கை வந்தது. இடப்பக்க முடிச்சில் புற்று.

செவ்வந்தி பெயரைப் பார்த்தாள். வயதைப் பார்த்தாள். வேறு யாருடைய தாளோ என்று நோயாளி எண்ணைக்கூடச் சரிபார்த்தாள்.

"என் கணக்கு தப்பு, மேடம்."

"கணக்கு சரி."

"எப்படிச் சரி? நான் சொன்னபடி செஞ்சிருந்தா, நோயோட வீட்டுக்கு அனுப்பியிருப்போமே!"

"ஆமா. நூறு பேருக்கு அது சரி. வெளியே உட்கார்ந்திருக்கிறது ஒருத்தி."

செவ்வந்தி அறிக்கையை மேஜைமேல் வைத்தாள்.

"வீட்டாள்கிட்டதானே முதல்ல சொல்லணும்? கூட யார் வந்திருக்காங்க?"

"பன்னிரண்டு வயசு மக."

ரெஜினா அறிக்கையை அவள் கையில் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

பேச்சியம்மாள் மகளோடு உள்ளே வந்தாள். "என்ன டாக்டரம்மா, ஆபரேஷன் எனக்கா, ஒங்களுக்கா? மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு!" என்று சிரித்தாள். செவ்வந்தி சிரிக்கவில்லை. பேச்சியம்மாளின் சிரிப்பும் நின்றது.

"பாப்பா கொஞ்சம் வெளியே இருக்கட்டுமே," என்றாள் செவ்வந்தி.

பேச்சியம்மாள் மகளைப் பார்த்தாள். "வெளிய இருக்கியா, உள்ள இருக்கியா? நீயே சொல்லு, சுடர்."

சுடர் ஒரு முக்காலியை இழுத்து அம்மா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.