இடிச்சா யார் பொறுப்பு?

"கேப்டன், எம் பொண்டாட்டி ஒரே ஒரு கேள்வி கேக்கறாளுங்க. அதுக்குப் பதில் தெரியாம ராணியில ஏற மாட்டாளாம்."

"என்ன கேள்வி?"

"இடிச்சா யார் பொறுப்பு?"

கேட்டவர் பல் டாக்டர் தெய்வசிகாமணி. வயது ஐம்பத்து நான்கு. இத்தனை வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்.

பதில் சொல்ல வேண்டியவர் கேப்டன் சுகிர்தா. அவருக்கு வயது முப்பத்தாறு. பவானிக்கு மேற்கே, சோளக் காட்டுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்ன விமான கிளப்பில் அவர்தான் ஆசிரியை.

ராணி என்பது கிளப்பின் ஒரே விமானம். நாலு சீட்டு. லைசென்ஸ் இருப்பவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம்.

டாக்டருக்கு ஒரு ஆசை. மனைவி கனகவல்லியை ராணியில் உட்கார வைத்து, ஆறு முழுவதையும் மேலிருந்து காட்ட வேண்டும். முப்பது வருஷமாக அந்த அம்மாள் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டிலும் காருக்கு உள்ளேயும் பயந்துகொண்டே உட்கார்ந்தவர். வானத்துக்கு மட்டும் வர மாட்டேன் என்று நின்றார்.

கேப்டன் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார்.

"கிளப்போட இன்சூரன்ஸ் பாலிசி. இதுல உங்க பேர் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க."

டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பத்தொன்பது பக்கம். வெயில் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. மத்தியானம் எழுந்து வந்தார்.

"எங்கியும் இல்லீங்க."

"யார் பேர் இருக்கு?"

"கிளப் பேரு. ராணியோட நம்பரு."

"அப்ப அது யாருக்கு?"

"கிளப்புக்கு." டாக்டர் ஃபைலை மூடினார். "நான் இடிச்சா?"

"இன்சூரன்ஸ் கம்பெனி கிளப்புக்குக் கொடுக்கும். கொடுத்து முடிச்சிட்டு, இடிச்ச ஆளைத் தேடிக்கிட்டு வரும்."

"யாரைத் தேடி?"

கேப்டன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பத்து நாள் கழித்து டாக்டர் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவரைப் போல ஒரு கவரோடு வந்தார்.

"வாடகைக்கு எடுத்து ஓட்டறவங்களுக்குன்னே தனிப் பாலிசி. எம் பேரு, முதல் பக்கத்துலயே. விமானத்துக்கு, பக்கத்துல உக்காந்து வர்றவங்களுக்கு, கீழ யார் வீட்டுக் கூரை மேலயாவது போய் விழுந்தா அதுக்கும். எல்லாம் இருக்குதுங்க."

"படிச்சீங்களா?"

"ஏஜெண்டு சொன்னாருங்க."

"உங்க ஆஸ்பத்திரியில பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னால கையெழுத்து வாங்குவீங்களே, அந்தத் தாளை யாராவது படிச்சிருக்காங்களா?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒருவர் படித்தார். அவர் பல்லைப் பிடுங்காமலேயே எழுந்து போய்விட்டார்.

"எதுக்கெல்லாம் கிடையாதுன்னு ஒரு பக்கம் இருக்கும். சத்தமா படிங்க."

டாக்டர் படித்தார். மருத்துவச் சான்று காலாவதி ஆகியிருந்தால் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் கிடையாது. அனுமதி இல்லாத இடத்தில் இறக்கினால் கிடையாது. சேதம் நடந்தது தெரிந்தும் உடனே தெரிவிக்காவிட்டால் கிடையாது.

ராணியின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் மஸ்தான் பாய், ஒவ்வொரு 'கிடையாது'க்கும் தலையாட்டினார்.

"இப்படியே போனா எதுக்குத்தான் கிடைக்குமுங்க?"

"மத்த எல்லாத்துக்கும். நல்ல பாலிசி டாக்டர். பத்திரமா வைங்க. வீட்டுல கொண்டுபோய்க் காட்டுங்க."

காட்டினார். கனகவல்லி கண்ணாடி போட்டுக்கொண்டு, கிடையாது பக்கத்தையும் சேர்த்து, ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்துக் கவரில் பழையபடி மடித்து வைத்தார்.

"காசு யார் கொடுப்பாங்கன்னு இதுல இருக்குது. நான் கேட்டது அது இல்லீங்களே."

மறுநாள் டாக்டர் அதை அப்படியே கேப்டனிடம் சொன்னார். கேப்டன் சிரித்துவிட்டார். கிளப்பில் அவர் சிரிப்பது அபூர்வம்.

"நீங்க படிச்சது பல்லுக்கு. படிக்க வேண்டியது உங்க வீட்டம்மாகிட்ட."

*

சிரித்து முடித்ததும் மேசையில் கிடந்த புத்தகத்தைக் காட்டினார். நீளப் புத்தகம், எண்ணெய்க் கறை படிந்த அட்டை. ஸ்நாக் புத்தகம் என்பார்கள். விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவர், அதில் ஏதாவது குறை இருந்தால் இடது பக்கத்தில் எழுத வேண்டும். அடுத்து எடுத்துப் போகிறவர் விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று வலது பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அந்தக் கையெழுத்து விழுந்த நிமிஷத்துல இருந்து ராணி உங்க பொறுப்பு. பழைய அடியா இருந்தாலும் நீங்க அடிச்சதுதான். முன்னாடி ஓட்டினவர் உங்க மச்சானா இருந்தாலும் சரி, பார்க்காம போடாதீங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். ராணி அப்போதுதான் இறங்கியிருந்தது. இன்ஜின் சூடு கூட ஆறவில்லை. ஓட்டி வந்தவர் டாக்டருக்குத் தெரிந்தவர், தங்கமான மனிதர்.

"பேனாவைக் கீழ வைங்க," என்றார் கேப்டன். "போய்ப் படுங்க."

"எங்கீங்க?"

"அவ மூக்குக்கு அடியில."

அன்று பார்த்து டாக்டர் வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தார். புல்லில் ஈரம் இருந்தது. படுத்தார். முன்சக்கரத்தையும் அதைத் தாங்கும் தண்டையும் அண்ணாந்து பார்த்தார். ஊரில் இருக்கிற எல்லார் வாயையும் திறந்து பார்க்கிற மனிதர், கடைசியில் தானும் மல்லாந்து படுக்க வேண்டியதாயிற்று என்று மஸ்தான் பாய்க்கு ஒரே சந்தோஷம்.

அன்றிலிருந்து டாக்டர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

*

கடைசியில் கனகவல்லியே இறங்கி வந்தார். "சனிக்கிழமை வாரேன். ஏறுவேனான்னு அங்க வந்து சொல்றேன்."

டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒத்திகை பார்க்கலாம் என்று தனியாக ராணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மேலே எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆறு தகதகவென்று கிடந்தது. எந்த வளைவில் திருப்பினால் அவளுக்குக் கோயில் கோபுரம் தெரியும் என்று கூடப் பார்த்து வைத்துக்கொண்டார்.

இறங்கும்போதும் அதே நினைப்பு. தரை வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

தொம்!

முன்சக்கரம் முதலில் குத்தியது. ராணி எகிறிக் குதித்து, மறுபடி விழுந்து, தள்ளாடி நின்றது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். மஸ்தான் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கேப்டன் ஆபீஸ் அறைக்குள் இருந்தார். புல்வெளியில் ஒரு மயில் மட்டும் நின்று இவரையே பார்த்தது.

ராணியை மெதுவாக ஓட்டி வந்து ஷெட் வாசலில் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தார். நின்றபடி பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. படுத்துப் பார்க்க மனசு வரவில்லை.

எழுதினால் பரிசோதனை முடியும்வரை ராணி ஷெட்டை விட்டு வெளியே வராது. நாளைக்குக் கனகவல்லி வருவாள், பார்ப்பாள், திரும்பிப் போவாள். இன்னொரு தடவை கூப்பிட முடியுமா? முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு காலை எடுத்து வைக்கிறாள்.

பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஆபீசுக்குள் போனார். இடது பக்கத்தில் எழுதினார்: குறை ஏதும் இல்லை. தேதி போட்டார். பெயரைப் போட்டார்.

"எப்படி இருந்தது?" என்றார் கேப்டன்.

"நல்லா இருந்துச்சுங்க."

கேப்டன் எழுந்து வந்தார். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வலது பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"வெளிச்சம் இருக்கு. நான் ஒரு சுத்து போயிட்டு வர்றேன்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கேப்டன், பாக்காமயே கையெழுத்துப் போடறீங்களே!"

"நீங்க கொண்டுவந்து விட்டதுதானே?"

"இருந்தாலும்..."

"'குறை ஏதும் இல்லை'ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?" கேப்டன் கையை நீட்டினார். "சாவி."

சாவி டாக்டரின் சட்டைப் பையில் இருந்தது. கை பைக்குள் போனது. சாவியைப் பிடித்தது. வெளியே வரவில்லை.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

"டாக்டர், சாவி."

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வெட்கம் அவர் பட்டதே இல்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். தான் எழுதிய வரியைக் குறுக்காக அடித்தார். கீழே எழுதினார்: இறங்கும்போது முன்சக்கரம் பலமாகக் குத்தியது. தவறு என்னுடையது. பரிசோதிக்காமல் யாரும் எடுக்க வேண்டாம்.

பெயரை மறுபடியும் போட்டார். சாவியை எடுத்துப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

கேப்டன் தன் கையெழுத்தையும் அடித்தார்.

*

சனிக்கிழமை காலையில் ராணியின் மூக்கைக் கழற்றிப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மஸ்தான் பாய் டார்ச்சோடு மல்லாந்து படுத்திருந்தார்.

"டாக்டரே, இங்க வந்து பாருங்க."

டாக்டர் பக்கத்தில் படுத்தார். தண்டில் ஒரு விரிசல். தலைமுடி அளவுக்குத்தான் இருந்தது.

"இதோட ஒருத்தர் போயிருந்தா, இறங்கும்போது சக்கரம் மடங்கியிருக்கும்," என்றார் மஸ்தான் பாய்.

டாக்டர் எழுந்து வெளியே வந்தார். வேப்பமரத்தடியில் கேப்டன் டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு டம்ளர் காத்திருந்தது.

"நேத்து நான் சாவியைக் கொடுத்திருந்தா, ஏறியிருப்பீங்களா?"

"டீ ஆறுது டாக்டர்."

"சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"உங்க பாலிசிக்காரங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"காலையில மொத வேலையா சொல்லிட்டேனுங்க."

"அப்ப டீயைக் குடிங்க."

பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. கனகவல்லி இறங்கினார். புதுச் சேலை. தலைமுடி பறக்காமல் இருக்கத் துணி கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் டாக்டருக்கு மனசு உடைந்து போயிற்று.

பிரித்துக் கிடந்த ராணியைக் கனகவல்லி பார்த்தார். அப்புறம் கணவரைப் பார்த்தார்.

"என்னாச்சுங்க?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். ஊரார் வாயைத் திறக்க வைப்பவருக்குத் தன் வாய் திறக்கவில்லை.

கேப்டன் ஸ்நாக் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தை விரித்துக் கனகவல்லியின் கையில் கொடுத்தார்.

கனகவல்லி கண்ணாடி போட்டுக்கொண்டார். ஒரு வரி விடாமல் படிக்கிற பெண். அடித்திருந்த வரியையும் படித்தார்.

"மொதல்ல பொய் எழுதியிருக்கறீங்க."

"ஆமா."

"நீங்களே அடிச்சீங்களா?"

"ஆமா."

"யாராச்சும் பாத்தாங்களா, இடிச்சதை?"

"ஒரு மயில் பாத்துச்சு."

கனகவல்லி கீழே இருந்த வரிகளை இன்னொரு தடவை படித்தார். 'தவறு என்னுடையது' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

புத்தகத்தை மூடிக் கேப்டனிடம் கொடுத்தார். ஷெட்டுக்குள் போனார். மஸ்தான் பாயின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏனுங்க பாய், இது எப்ப சரியாகும்?"

"பார்ட்டு பெங்களூருல இருந்து வரணும்மா. ரெண்டு வாரம்."

கனகவல்லி ராணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவில் கை வைத்து, கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் உக்காந்தா ஆறு தெரியும்?"