முதலில் வந்த நார்

வேலப்பன் ஸ்லைடுகளை, உடைந்த கண்ணாடி போடும் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் பேராசிரியை நாச்சியாரிடம் விடைபெறப் போனார்.

வேலப்பன் கால்நடை மருத்துவர். நாற்பத்தாறு வயதில் ஆய்வுக்கு வந்தவர். அவருடைய ஆசிரியைக்கு அவரைவிட வயது குறைவு. எலிக்கருவில் தசை நார்கள் எப்படி உருவாகின்றன என்று கண்டு சொல்வது அவர் வேலை. மறுநாள் காலை ஆய்வுக் குழுவின் முன் முடிவைக் காட்ட வேண்டும். காட்ட ஒன்றுமில்லை என்றால் ஆய்வு அதோடு முடிந்தது.

"ஊருக்கே போயிடறேன் மேடம். மாடு என்னைத் திட்டாது."

"உதைக்கும்."

"அது பழகிப்போச்சு. இந்தச் சாயம்தான் பழகல. எத்தனை தடவை போட்டாலும் பாதி நாருல ஏறவே மாட்டேங்குது."

ஆய்வகத்தின் மறுகோடியிலிருந்து மாணவி அமலி குரல் கொடுத்தாள். "ஊசியில ஏத்திக் குத்திப் பாருங்க அண்ணே. உங்க கைக்கு அதான் சரிவரும்."

நாச்சியார் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பெட்டிக்குள் இடுக்கியை விட்டு இரண்டு ஸ்லைடுகளை எடுத்தார். துடைத்தார். ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"பாருங்க டாக்டர்."

"பார்த்ததுதான் மேடம்."

"தப்பு எங்கன்னு தேடித்தான் பார்த்தீங்க. என்ன இருக்குன்னு பாருங்க."

வேலப்பன் குனிந்தார். "கரு உருவாகிக் கொஞ்ச நாள்ல எடுத்தது. நாரே கொஞ்சம்தான் இருக்கு. எல்லாத்துலயும் சாயம் ஏறியிருக்கு."

"இந்தச் சாயம் எந்த நாரைப் பிடிக்கும்?"

"மெதுவா சுருங்கறதை. சீக்கிரம் களைக்காம நம்மை நிக்க வைக்கறதை."

நாச்சியார் அடுத்ததை வைத்தார்.

"இது பிறக்கப் போற சமயம். நடுவுல ஒண்ணு பெருசா, அடர்த்தியா. சுத்திலும் சின்னச் சின்னதா, வெளுத்துப்போய். இதுலதான் மேடம் ஏறல."

"அந்தச் சின்னதெல்லாம் எங்க இருக்கு?"

"சொன்னேனே, சுத்தி."

"எட்டியா, ஒட்டியா?"

வேலப்பன் மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பினார். நிமிரவே இல்லை. வெளுத்த நார்கள் ஒவ்வொன்றும் நடுவில் இருந்த பெரியதன் மேல் முதுகைச் சாய்த்துக் கிடந்தன. எல்லாம் ஒரே உறைக்குள்.

"ஒட்டித்தான். அதும் மேலயே படுத்து வளந்திருக்கு." குரல் மாறியிருந்தது. "அப்ப இதெல்லாம் பின்னால வந்ததா? சாயம் ஏறாமப் போகல. இது வேற வகை!"

"வேக நாரைப் பிடிக்கிற சாயம் ஃப்ரிட்ஜில இருக்கு" என்றார் நாச்சியார்.

அதே தசையின் அடுத்த சீவலை எடுத்து வேலப்பன் அதில் அந்தச் சாயத்தை இட்டார். மாலையில் பார்த்தபோது, வெளுத்துக் கிடந்தவை எல்லாம் பழுப்பேறி நின்றன. நடுவில் இருந்த பெரியது மட்டும் வெளுத்திருந்தது.

அமலி வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இதையா குப்பையில போட்டீங்க?" என்றாள். அதில் கிண்டல் இல்லை.

வேலப்பனுக்கு மட்டும் ஒரு பயம் மிச்சமிருந்தது.

"நாளைக்குக் கேப்பாங்க மேடம். மெதுவானது எதுக்கு முதல்ல வரணும்? வேகமானது முந்திக்கிட்டா என்ன? நான் என்ன சொல்றது?"

"எத்தனை பிரசவம் பார்த்திருப்பீங்க?"

"மாடா? கணக்கே இல்ல."

"கன்னுக்குட்டி கீழ விழுந்ததும் என்ன பண்ணப் பார்க்கும்?"

"எந்திரிச்சு நிக்கப் பார்க்கும்."

"ஓடப் பார்க்காதா?"

"நிக்கத் தெரியாம ஓடுனா மூக்கு உடையும் மேடம். முதல்ல காலை ஊன்றணும். அப்புறம் பாருங்க, பிடிக்க முடியாது."

சொல்லிவிட்டு வேலப்பன் அப்படியே நின்றார்.

நாச்சியார் தன் மேசை விளக்கை அணைத்தார்.

"இதே மாதிரி சொல்லுங்க."