மில்க்காள் சொன்ன ஆமென்

பறவைகளும் மனுஷரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், எருசலேமிலிருந்து சிறைப்பட்டுப் போன யூத ஜனங்கள் பாபிலோன் ஆற்றங்கரையில் ஒரு மண்வீட்டை ஜெபவீடாக வைத்திருந்தார்கள். ஆலயம் இடிந்துபோயிற்று, பலிபீடமும் இல்லை. மிஞ்சினதெல்லாம் வேதச்சுருளும் சங்கீதமும்தான். அஸ்ரியேல் என்பவன் வாசிப்பான், ஜெபிப்பான். மற்றவர்கள் வாய் திறவாமல் கேட்பார்கள்.

ஒரு குளிர்காலத்தில் அஸ்ரியேலுக்குச் சளி கட்டி, தொண்டையே போயிற்று. வரவரக் கூட்டம் குறைந்தது. அவன் தம்பி இத்தோ, அண்ணன் மனைவி மில்க்காளிடம் வந்து சொன்னான்:

"மதினி, அண்ணன் ஜெபிக்கிறது முன்வரிசைக்கே கேக்கல. பலியும் இல்ல, சத்தமும் இல்ல, இது என்ன ஆராதனை? இந்த ஓய்வுநாளும் ஜெபம் பாதியில நின்னா, கதவை அடைச்சிர வேண்டியதுதான்."

"அடைச்சிட்டு?"

"ஊரோட ஒத்துப் போவோம்."

பாபிலோனியர் கோயில் வாசலில் போய் நிற்பதைத்தான் அப்படிச் சொன்னான். மில்க்காள் ஜெபவீட்டைப் பெருக்கிக்கொண்டே அழுதாள். உத்திரத்தில் கூடு கட்டியிருந்த அடைக்கலான் குருவி எட்டிப் பார்த்தது.

"அழுது என்னம்மா பண்ண? எங்கள்ல ஒருத்தி கத்தினா கூட்டமே பதில் கத்தும். உங்க ஆளு ஒத்தையில மூச்சு வாங்குறாரு. நீங்க அடிச்சு வச்ச முளைக்குச்சி மாதிரி உக்காந்திருக்கீங்க!"

"ஜெபத்துக்குக் குறுக்கே பேசலாமா?"

"குறுக்கே பேசச் சொன்னேனா? கூட நில்லுன்னேன்."

ஓய்வுநாள் வந்தது. "எங்களைக் கைவிடாத கர்த்தாவே, உமக்கே ஸ்தோத்திரம்" என்றதோடு இருமல் அடைத்து, அஸ்ரியேலின் குரல் அடங்கிப்போனது. இத்தோ கதவை அடைக்க எழுந்து போனான்.

மில்க்காள் சட்டென்று எழுந்து, "ஆமென்!" என்றாள்.

ஜனங்கள் திடுக்கிட்டார்கள். அது ஒருவன் ஆணையிட்டுச் சத்தியம் பண்ணும்போது, 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லுகிற வார்த்தை. இன்னொருவன் இட்ட ஆணைக்கு ஆமென் சொன்னவன், அதைத் தன் தலைமேலும் ஏற்றுக்கொண்டவனாவான். அப்படியானால் அஸ்ரியேலின் ஜெபம் இப்போது அவளுடையதும்தான்! பின்னாலிருந்த குயவன் "எனக்குந்தான், ஆமென்" என்றான். அவன் பெண்டாட்டி சொன்னாள். பிறகு வீடே முழங்கிற்று. தெருவில் போன பாபிலோனியர் நின்று பார்த்தார்கள். இத்தோ கதவை அகலத் திறந்துவிட்டு, தானும் எல்லாரிலும் உரக்க ஆமென் சொன்னான்.

ஜெபவீடுகள் தேசமெங்கும் பெருகின. பல தலைமுறைக்குப் பின் அவற்றிலே வளர்ந்த இயேசுவின் சீஷர்கள் வேதவாசிப்பையும் சங்கீதத்தையும் இந்த ஒரு வார்த்தையையும் தாய்வீட்டுச் சீதனமாகத் தங்கள் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று தொட்டுத்தான், அங்கே யூதரின் ஜெபவீட்டிலும் இங்கே நம் கோயிலிலும், ஜெபத்தைத் தொடங்குகிறவர் ஒருவரானாலும் அதை முடித்துவைக்கிறது சபை முழுதும்.