ஒற்றைப் பரிவட்டமும் மூன்று தலைகளும்

நெடுவயல் நாட்டை முன்னொரு காலத்தில் தென்னவராயன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றிவிடுவான். ஆற்றங்கரையில் தான் கட்டிய கல்விச்சாலைமேல் அவன் வைத்திருந்த ஆசை மட்டும் மாறவே இல்லை. வெயில் தணிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, புரிந்தாலும் புரியாவிட்டாலும் பேராசிரியர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

இது அரண்மனை மேலாளர் அதிரூபருக்குப் பொறுக்கவில்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவருடைய முகஸ்துதியைத்தான் அரசன் கேட்பது வழக்கம். ஒருநாள் அவர் பணிவாக ஒரு யோசனை சொன்னார். சிறந்த ஆராய்ச்சிக்கு இந்த ஆண்டு பட்டுப் பரிவட்டம் கட்டலாம். ஒன்றே ஒன்றுதான். அவரவர் ஆராய்ச்சியின் பெருமையைச் சபையில் சொல்லட்டும். அதற்காக அடித்துக்கொள்கிற ஆட்கள் என்றால் அந்தக் கல்விச்சாலை எதற்கு, அங்கே யானை கட்டலாமே என்றார்.

அரசன் உடனே பிடித்துக்கொண்டான். "சரி. சண்டை போட்டார்களானால் அங்கே யானைதான் கட்டுவேன்."

அமைச்சர் எழினியாருக்குச் சூழ்ச்சி புரிந்துவிட்டது. போட்டிக்கு நின்ற மூன்று பேரையும் அவருக்கு நன்றாகத் தெரியும். வானநூல் மதிவாணரும் தேனீக்களை ஆராயும் செந்தேவியும் கல்விச்சாலையின் ஒரே மொட்டை மாடி யாருக்கு என்று சண்டையிட்டு, இரண்டு வருடமாகப் பேச்சை விட்டிருந்தார்கள். கிணறுகளையும் நோய்களையும் ஆராயும் பூதனாரோ இருவரோடும் பேசமாட்டார். மூவரையும் ஒரு சபையில் நிறுத்தி அவரவர் பெருமையைப் பேசச் சொன்னால், மறுநாளே யானை வந்துவிடும்.

எழினியார் எழுந்தார். "அரசே, தன்னைத் தானே புகழ்வது சபைக்கு அழகில்லை. ஒருவர் ஆராய்ச்சியை இன்னொருவர் வந்து சொல்லட்டும். உங்களுக்கு நன்றாகப் புரியும்படி சொல்பவருக்குப் பரிவட்டம். படித்துக்கொள்ள ஒரு மாதம் தவணை கொடுங்கள்."

அரசனுக்குப் புதுமை என்றால் போதும், சம்மதித்துவிட்டான். அதிரூபரும் உள்ளுக்குள் சிரித்தார். பிடிக்காதவர் வேலையைப் பற்றி நல்லதாக எவர் சொல்லப்போகிறார்?

செந்தேவியின் தேனீக்கள் மதிவாணருக்கு, பூதனாரின் கிணறுகள் செந்தேவிக்கு, மதிவாணரின் வானம் பூதனாருக்கு என்று பிரித்துக்கொடுத்தார் எழினியார். முதல் வாரம் மதிவாணர் தேனீ கொட்டி வீங்கின முகத்தோடு அவரிடம் வந்து அழாத குறையாகப் புலம்பினார். இரண்டாம் வாரமும் வந்தார், குறை சொன்னார், ஆனால் சீக்கிரமே கிளம்பிவிட்டார். மூன்றாம் வாரம் வரவே இல்லை. என்ன ஆயிற்றோ என்று எழினியார் போய்ப் பார்த்தால், அந்தப் பருத்த மனிதர் தேன்கூட்டின் முன்னால் குப்புறப் படுத்துக்கிடந்தார். பக்கத்தில் செந்தேவி ஏதோ சொல்ல, அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். எழினியார் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டார். ஆனாலும் சபையில் என்ன நடக்குமோ என்ற பயம் அவரை விடவில்லை.

அந்த நாள் வந்தது. முதலில் மதிவாணர். பூவைக் கண்டுவந்த தேனீ கூட்டில் ஓர் ஆட்டம் ஆடும், ஆடும் திசையையும் நேரத்தையும் வைத்து மற்றவை பூ இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும் என்றார். சொல்லிப் புரியவைக்க முடியாதென்று தோன்றியதும், அறுபது வயதில் இடுப்பை ஆட்டிக்கொண்டு சபை நடுவே நடந்தே காட்டினார். அரசன் சிம்மாசனத்தை விட்டிறங்கி, அரண்மனையிலிருந்து மாந்தோப்புக்கு எப்படி ஆட வேண்டும் என்று கேட்டு, தானும் ஆடிப்பார்த்தான்.

அடுத்து பூதனார் ஒரு விளக்கை ஏற்றிச் சூரியன் என்றார். அரசன் தலையைப் பூமி என்றார். தன் கையிலிருந்த விளாம்பழத்தைச் சந்திரனாக்கி, அரசனின் தலை நிழலுக்குள் அதைக் கொண்டுபோய்க் காட்டினார். கிரகணத்தை நாழிகை பிசகாமல் சொல்லும் மதிவாணர், ஒருமுறை அரை நாழிகை தவறியதற்காக மூன்று வருடம் திரும்பக் கணக்கிட்டதையும் சொன்னார்.

செந்தேவி கடைசியாக வந்தார். வாந்திபேதி எந்தெந்த வீட்டில் வந்தது, அந்த வீட்டார் எந்தக் கிணற்றில் குடித்தார்கள் என்று பூதனார் தெருத்தெருவாகக் குறித்துவைத்ததைச் சொன்னார். மேலத்தெருக் கிணற்றை மூடியபின் அங்கே சாவே இல்லை என்றார். பிறகு பூதனாரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அரசே. குறிப்பேட்டில்தான் படித்தேன். நிச்சயம் செய்துகொள்ள, அந்தத் தண்ணீரை அவரே குடித்திருக்கிறார். பதினோரு நாள் படுக்கையில் கிடந்திருக்கிறார்."

பூதனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதிவாணர் மெல்ல நகர்ந்துபோய் அவர் தோளில் கைவைத்தார்.

மூன்றுமே தனக்குப் புரிந்துவிட்டதே, பரிவட்டத்தை யாருக்குக் கட்டுவது என்று அரசன் குழம்பினான். மதிவாணர் தலையில் கட்டப்போனான். ஆராய்ச்சி செந்தேவியுடையது என்று அவர் விலகினார். செந்தேவி பூதனாரைக் காட்டினார், பூதனார் மதிவாணரைக் காட்டினார். பரிவட்டம் மூன்று தலையையும் சுற்றி அரசன் கைக்கே திரும்பிவந்தது.

அதிரூபருக்குப் பொறுமை போயிற்று. "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அரசே."

"அப்படியா? இந்த மூன்றில் ஒன்றை நீர் சொல்லும். பரிவட்டம் உமக்குத்தான்" என்றான் அரசன்.

அதிரூபர் தொண்டையைச் செருமினார். "தேனீ என்பது... தேன் தருவது" என்றார். அதற்குமேல் வரவில்லை. காலையிலிருந்து சண்டைக்காகக் காத்திருந்தாரே தவிர, ஒரு சொல்லையும் அவர் காதில் வாங்கவில்லை. சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை.

அன்றே மூன்று பரிவட்டங்கள் நெய்யச் சொல்லி உத்தரவானது. எழினியாருக்கு அரசன் தன் கழுத்து மாலையைப் போட்டான். அதிரூபரை மூன்று மாதம் செந்தேவியிடம் மாணவராக அனுப்பினான்.

மூன்று மாதம் கழித்து ஒரு பகல்வேளையில் அதிரூபர் சபைக்கு வந்தார். இளைத்திருந்தார், இடது காது வீங்கியிருந்தது. ராணித் தேனீயைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு ஆரம்பித்தவர், மாலை விளக்கு வைக்கும்வரை நிறுத்தவில்லை. எப்படியாவது இவரை நிறுத்தும் என்று அரசன் எழினியாருக்குக் கண்ஜாடை காட்டிக்கொண்டே இருந்தான்.

எழினியார் அரசன் பக்கம் திரும்பவே இல்லை. கன்னத்தில் கையூன்றி, அதிரூபரின் பேச்சை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.