துணி மூடிய குடம்

அநியாயம் செங்கமலத்துக்குத்தான் நடந்தது. காதில் கிடந்த தோடு இரண்டையும் கழற்றிப் படகுக் குடத்தில் போட்டவள் அவள். வெறுங்கையை விட்டவள் என்று பெயர் வாங்கியவளும் அவளேதான்.

அந்த ஊரில் பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்ப்பதில் ஒரு வழக்கம் உண்டு. குடத்தின் வாயை மஞ்சள் துணியால் மூடி வைப்பார்கள். கொடுக்கிறவர் கையை மூடிக்கொண்டு வந்து, துணிக்கு அடியில் விட்டுத்தான் திறக்க வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. இல்லாதவர் கூசிப் போகக் கூடாதே என்று யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் ஏற்படுத்திய வழக்கம்.

வெள்ளத்தில் ஊர்ப் படகு அடித்துக்கொண்டு போனது. புதுப் படகுக்குக் குடம் வைத்தார்கள். குடம் தர்மகர்த்தா சிதம்பரநாதர் வீட்டில் இருந்தது. எவ்வளவு சேர்ந்தது என்று அவரைப் போய்க் கேட்பதா? கேட்டால் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடாதா? ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவரே கொண்டுவந்து கோயில் வாசலில் கவிழ்த்தார். துடுப்பு வாங்கக்கூடக் காணாது.

"இவ்வளவுதான் விழுந்திருக்கு. நம்ம ஊர் மனசு இவ்வளவுதான் போல" என்று பெருமூச்சு விட்டார்.

ஊர் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து, வேப்பங்குச்சி செருகிய செங்கமலத்தின் காதைப் பார்த்தார்கள். தோட்டை அடகு வைத்துத் தின்றுவிட்டு வெறுங்கையை விட்டாள் என்றார்கள்.

அவளுக்கு அதுகூடப் பெரிதில்லை. அக்கரையில் அவள் மகள் தெய்வானை மாசமாக இருந்தாள். ஆறோ இறங்குகிற வழியாக இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் தெய்வானை அக்கரைப் படித்துறையில் ஓர் அகலைக் கொண்டுவந்து வைப்பாள். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். செங்கமலம் இக்கரையில் நின்று அந்தப் பொட்டு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கால் வீங்கியிருக்கிறதா, ராத்திரி தூங்குகிறாளா, எதைக் கேட்டாலும் அந்த விளக்கு ஒரே பதிலைத்தான் சொல்லும்.

ஆற்றோரம் மடம். அங்கே வேலாயுத அடிகள் இருந்தார். செங்கமலத்தைவிட வயதில் சின்னவர். அவரிடம் பாடம் கேட்கிறவர்களில், தர்க்கம் பண்ணாமல் ஒரு நாளும் எழுந்து போகாதவள் அவள்.

"நல்லவர் கையிலதானே சாமி கொடுத்தோம். தப்பு எங்கே நடந்துச்சு?"

"அவரைக் கேட்டீங்களா, தாயே?"

"அவரை எப்படிக் கேட்கிறது?"

"என்னைத் தினமும் கேட்கிறீங்களே."

"அது வேதாந்தம் சாமி. இது காசு."

அடிகள் சிரித்தார்.

ஊர் மறுபடி குடம் வைத்தது. நாட்டாண்மை உடையப்பன் அதை மடத்துக்கே தூக்கி வந்தார்.

"இந்தத் தடவை சாமிகிட்டயே இருக்கட்டும். சாமிகிட்ட இருந்தா எவன் வாயைத் திறப்பான்?"

"அப்படியா" என்று அடிகள் வாங்கி வைத்துக்கொண்டார்.

கைகள் மூடியபடி வந்தன, துணிக்கு அடியில் நுழைந்தன, போயின. கொஞ்ச நாளில் அடிகளின் தோளில் ஒரு பட்டுச் சால்வை ஏறியது. சரிகை போட்ட சால்வை. காவித் துணிக்கு மேல் அது பளபளத்தது. யாராவது பக்தர் கொடுத்திருப்பார் என்றது ஊர். சால்வைக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டது.

செங்கமலம் பார்த்தாள். பிரம்மம் உண்டா என்று நூறு கேள்வி கேட்டவளுக்குச் சால்வையைப் பற்றி ஒரு கேள்வி வாயில் வரவில்லை. வெறுங்கைக்காரி கேட்கிறாள் பார் என்பார்களே.

ஒரு சாயங்காலம் அக்கரையில் விளக்கு வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. அவள் படியை விட்டு அசையவில்லை. அப்புறம் ஒரு வெளிச்சம் வந்தது. தெய்வானை கொண்டுவரும் விளக்கு மெல்ல, நின்று நின்று வரும். இது ஓட்டமும் நடையுமாக வந்து, படியில் உட்கார்ந்தது. யாரோ வேறு கை.

மகளுக்கு என்ன ஆனதோ, படகு இல்லாமல் போய்ப் பார்க்க முடியாது. செங்கமலம் நேரே மடத்துக்குள் போனாள். பூஜை முடிந்து ஊரே உட்கார்ந்திருந்தது.

"சாமி, இந்தச் சால்வை எங்கேயிருந்து வந்துச்சு?"

கூடத்தில் இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"சாமியையா கேட்கிறே? நாக்கு அழுகிடும்" என்று உடையப்பன் எழுந்தார்.

"உட்காருங்க நாட்டாண்மை. கேள்வி என்னைக் கேட்டது" என்றார் அடிகள். "ஜவுளிக்கடையில இரவல் வாங்கினேன் தாயே. கடைக்காரர் இங்கேதான் இருக்கார், கேட்டுக்குங்க."

"ஆமா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "முகூர்த்த நாள் வருது சாமி. அதுக்குள்ள திருப்பிக் கொடுத்தீங்கன்னா நல்லது."

யாரோ சிரித்தார்கள். அடிகள் சால்வையை மடித்து வைத்தார். குடத்தின் துணியை அவிழ்த்து, எல்லோர் முன்னாலும் தரையில் கொட்டினார். நாட்டாண்மையையே உரக்க எண்ணச் சொன்னார். எண்ணி முடித்து, தொகையைச் சுவரில் கரியால் பெரிதாக எழுதச் சொன்னார். பிறகு காசைக் குடத்தில் அள்ளிப் போட்டு, அதே துணியால் மூடிக் கட்டினார்.

"அவ்வளவுதானா சாமி?" என்றார் உடையப்பன்.

"அவ்வளவுதான். யாராவது கேட்பீங்களான்னுதான் சால்வையைப் போட்டுக்கிட்டேன். கேட்டாங்க, சொன்னேன். எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடலை."

அப்போது வண்டிக்காரர் காத்தான் தொண்டையைச் செருமினார்.

"தர்மகர்த்தா ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுக் கூரைக்குப் புது ஓடு எப்போ மாத்தினீங்க?"

சிதம்பரநாதர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். யாராவது காத்தானை அதட்டுவார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் அதட்டவில்லை.

"தை பிறந்ததும் எடுத்ததைத் திருப்பி வச்சிடலாம்னுதான்..." என்றார்.

"என் தோடு?" என்றாள் செங்கமலம்.

"தட்டான்கிட்ட இருக்கு. உருக்கலை."

சுற்றியிருந்தவர்கள் அவள் காதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளோ வாசல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு கை வைத்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"கூரை ஓட்டைப் பிரிச்சு வித்தாவது எடுத்த காசைப் போட வைக்கிறோம். இந்த மாசமே படகு இறங்கும்" என்றார் உடையப்பன். "அதுவரைக்கும் குடம் சாமிகிட்டயே இருக்கட்டும்."

அடிகள் குடத்தைத் தூக்கிவந்து செங்கமலத்தின் இடுப்பில் வைத்தார். அவள் பதறிப்போய் அணைத்துப் பிடித்தாள். குடம் கனத்தது. இத்தனை நாள் வெறுங்கைக்காரி என்று கேட்ட காது கூசியது.

"என்னை அவ்வளவு நம்புறீங்களா, சாமி?"

அடிகள் அக்கரை வெளிச்சத்தை ஒரு முறை பார்த்தார்.

"நாளைக்கு விளக்கு வச்சதும் வந்து கணக்குக் கேட்பேன், தாயே."