மூன்றாவது பாட்டில்

"பெட்டியா, எழுத்தா, புது மூளையா? ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லுங்க அம்மிணி," என்றார் சென்னியப்பன்.

ரோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி நடத்துகிறவர். மீசை அரும்பிய காலத்திலிருந்து மலைப்பந்தயத்தில் கார் ஓட்டுகிறவர். ரோஸ்லினுக்கு முப்பதை ஒட்டிய வயது. ஆனாலும் பந்தயக்காரர்கள் வண்டிக்கு ஏதாவது என்றால் அவள் ஷெட்டில்தான் வந்து நிற்பார்கள். அவள் பேசுவது குறைவு. அதனால் வந்தவர்கள் நிறையப் பேசுவார்கள்.

சென்னியப்பன் இந்த வருஷம் காருக்கு டர்போ மாட்டியிருந்தார். டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிற சமாச்சாரம். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்குத் தக்கபடி கூட வேண்டும். குறைந்தால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும்.

பெட்ரோலைக் கூட்ட மூன்று வழி இருந்தது. வண்டியின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி அதை ஏமாற்றுகிற சின்னப் பெட்டி ஒன்று. அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது இன்னொன்று. கம்ப்யூட்டரையே கழற்றி வீசிவிட்டுப் புது மூளை வைப்பது மற்றொன்று. ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி உண்டு. மூன்று கட்சிக்காரர்களும் ஒரே டீக்கடையில் சேர்ந்துவிட்டால் கடைக்காரருக்குத்தான் தலைவலி.

"பெட்டி வெச்சேன், இன்ஜின் போச்சுங்க. மாத்தி எழுதினேன், அடுத்த இன்ஜினும் போச்சுங்க. இப்ப மூணாவது இன்ஜின் உள்ள உக்காந்திருக்குது. இதுவும் போச்சுன்னா இனிமே கார் ஓட்டறதில்லைன்னு வீட்ல வாக்குக் குடுத்துட்டேன்."

"வீட்ல யாருகிட்ட?"

"பொண்டாட்டி மயிலாத்தாகிட்டத்தான். அவ லேசுல விடற ஆளில்லீங்க."

சொல்லும்போது சிரித்தார். ஆனால் பந்தயம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுத்த ஞாயிறு கன்னிமார்கரட்டில் மலைப்பந்தயம்.

"எந்த முறைங்க அம்மிணி?"

"நாலு கண்ணாடி பாட்டில் வேணுமுங்கண்ணா. ஒரே மாதிரி. பின்னாடி கிடக்குது. கழுவிக் கொண்டாங்க."

"பாட்டிலா?"

"நல்லாக் கழுவுங்க."

கம்பெனியில் இவர் செருமினாலே மேனேஜர் ஓடி வருவார். இங்கே குழாயடியில் குந்தி உட்கார்ந்து, கம்பியில் துணியைச் சுற்றி பாட்டிலுக்குள் விட்டுத் தேய்த்தார். மனசுக்குள் மூன்று கட்சிக்காரர்களையும் திட்டினார். ரோஸ்லினையும் கொஞ்சம் திட்டினார்.

திரும்பி வந்தபோது பானட் திறந்திருந்தது. ரோஸ்லின் இன்ஜெக்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பீச்சுகிற நான்கு இன்ஜெக்டர்கள், ஒரே குழாயில் வரிசையாக இருந்தன.

சென்னியப்பன் பதறிப்போனார். "அதுல கை வெக்காதீங்க! ராசியானதுங்க அது! கோப்பை ஜெயிச்ச வண்டியில இருந்து கழட்டி வந்தது. ரெண்டு இன்ஜின் போச்சு, இதை நான் விடவே இல்லை. வரிசையக்கூட மாத்தாம அப்படியே எடுத்து அடுத்த இன்ஜின்ல வெச்சேன்."

"வரிசையக்கூடவா?"

"ராசின்னா ராசிதானுங்களே."

ரோஸ்லின் ஒவ்வொரு இன்ஜெக்டருக்குக் கீழேயும் ஒரு பாட்டிலை நிறுத்தினாள். பம்பை ஓடவிட்டாள். சர்ரென்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்தினாள்.

"பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போய் வறுகடலையைக் கொறிக்க ஆரம்பித்தாள்.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். மூன்று பாட்டிலில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நின்றது. மூன்றாவது பாட்டிலில் ஒரு விரற்கடை குறைவு.

"பாட்டில் பெருசா இருக்குமுங்க."

"மாத்திப் பாருங்க."

பாட்டிலை மாற்றி வைத்துப் பம்பை அவரே ஓடவிட்டார். மறுபடியும் மூன்றாவதில்தான் குறைந்தது.

"குழாய் கோணலா இருக்குமுங்க."

"இருக்கலாம்."

இந்த முறை அவர் மூன்றாவது இன்ஜெக்டரையே கழற்றி முதல் இடத்தில் வைத்தார். ராசியான வரிசை கலைந்தது. பம்ப் ஓடியது.

முதல் பாட்டில் குறைந்தது.

ரோஸ்லின் கடலைத் தோலை ஊதினாள்.

"உருகிப்போனது எத்தனையாவது பிஸ்டனுங்கண்ணா?"

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"மூணாவது."

"ரெண்டு தடவையுமா?"

அவர் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் திடீரென்று ரோஷம் வந்தது. "சைலன்சர்ல மீட்டர் வெச்சிருந்தேனே! பெட்ரோல் சரியா இருக்குதுன்னுதானே கடைசி வரைக்கும் காட்டுச்சு?"

"நாலு பேரு மூச்சும் ஒண்ணாக் கலந்து வர்ற எடத்துலதானுங்கண்ணா அது உக்காந்திருக்குது. ஒருத்தன் கம்மியானா அதுக்குத் தெரியாது."

ரோஸ்லின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்ஜெக்டரை மாற்று என்று சொல்லவில்லை, வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்தபோது அந்த நாலு ராசிக்காரர்களும் ஒரு பழைய துணியில் மூட்டையாகக் கட்டிக் கிடந்தார்கள். குழாயில் ஷெட் அலமாரியிலிருந்து எடுத்த புது இன்ஜெக்டர்கள் நான்கு உட்கார்ந்திருந்தன. சென்னியப்பன் சட்டையெல்லாம் பெட்ரோல் வாடையோடு பாட்டில்களைக் கழுவி, அடுக்கி, பீச்சிப் பார்த்து முடித்திருந்தார். நான்கிலும் மட்டம் நூல் பிடித்தது மாதிரி நின்றது.

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேனுங்க. ஒருத்தனும் கம்மி இல்லை."

"சரி, இப்பச் சொல்லுங்கண்ணா. எந்த முறை?"

சென்னியப்பன் யோசிக்கக்கூட இல்லை. "உங்க கைக்கு எது பழக்கமோ அதைப் போடுங்க அம்மிணி."

ரோஸ்லின் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். லேப்டாப்பைத் திறந்து வேலையை ஆரம்பித்தாள். எந்த முறை என்று அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கன்னிமார்கரட்டில் நல்ல வெயில். இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மயிலாத்தாள், மலை உச்சியில் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றாள். புருஷனை வேடிக்கை பார்க்க வந்தாளா, வாக்கை வசூலிக்க வந்தாளா என்று அங்கே யாருக்கும் புரியவில்லை.

சென்னியப்பனின் வண்டி கிளம்பியது. கீழ் வளைவுகளை நல்லபடியாகவே தாண்டினார். கடைசிக் கொண்டையூசி வளைவும் கழிந்தது. அதற்கு மேல் நேராக உச்சி வரைக்கும் ஏறுகிற நீளமான சாலை. அங்கே ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதிக்க வேண்டும்.

இரண்டு இன்ஜினும் அப்படி மிதித்தபோதுதான் போயிருந்தன. அவருக்குப் பயமாக இருந்தது. கட்டைவிரல் ஷூவுக்குள் தானாகவே மடங்கியது. கொஞ்சம் விட்டுப் பிடித்தால் என்ன, இன்ஜினாவது மிஞ்சுமே என்று மனசு கெஞ்சியது.

மிதித்தார்.

டர்போ விசிலடித்தது. வண்டி அவரை சீட்டோடு சேர்த்து அழுத்தியது. இத்தனை வருஷமாக இன்ஜின் சத்தம் என்றால் அவருக்கு ஒரே ஒரு உறுமல்தான். இன்றைக்கு அதற்குள் நாலு குரல் கேட்டது. ஒன்றுகூடப் பின்தங்கவில்லை. சென்னியப்பன் ஹெல்மெட்டுக்குள் தன்னை மறந்து கத்தினார். சந்தோஷத்தில் கத்துகிறோம் என்பதே அவருக்குக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

மைக் பிடித்திருந்தவர் நேரத்தைப் படித்தார். நம்பாமல் இன்னொரு தடவை படித்தார். அந்த மலையில் பல வருஷமாக யாரும் தொடாத நேரத்தைச் சென்னியப்பன் முறியடித்திருந்தார். கூட்டம் தடுப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. மயிலாத்தாள் குடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தாள். அது அவளுக்குத் தெரியும் என்பதே இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது.

யார் யாரோ அவரைத் தூக்கினார்கள். மூன்று கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து இழுத்து, எங்கள் முறைதானே, எங்கள் முறைதானே என்று காதைத் துளைத்தார்கள். அவர் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வண்டியிடம் போனார்.

ரோஸ்லின் அங்கே நின்றிருந்தாள்.

"இன்ஜின் எப்படி இருக்குதுங்கண்ணா?"

சென்னியப்பன் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது. எடுக்கவில்லை. கண்ணில் நீர் தாரையாக ஓடியது.

"நாலு பேரும் நல்லா இருக்கறாங்க அம்மிணி."