வெடுக்கியின் பன்னிரண்டு புரிமணைகள்

ஒரு காட்டில் மாசி மாதம் பிறந்துவிட்டால் யாரும் சும்மா உட்கார மாட்டார்கள். பனி விலகும், வெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சருகு பெருக்குவதும், கூட்டைச் செப்பனிடுவதும், பாத்தி கொத்துவதுமாகக் காடே பரபரப்பாக இருக்கும்.

அந்தக் காட்டில் வெடுக்கி என்று ஒரு முயல் இருந்தாள். மூன்று குட்டிகளுக்குத் தாய். அவள் வாசலில் ஒரு துரும்பைப் பார்க்க முடியாது. எதையும் ஒரு பார்வை பார்ப்பாள், உடனே முடிவு கட்டிவிடுவாள். கட்டிய முடிவை லேசில் அவிழ்க்க மாட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சிலும்பன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தான். அவன் தோட்டமும் அவன் முதுகும் ஒரே மாதிரி இருக்கும். எது எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

இருவரும் தை மாதமே பரங்கி விதை ஊன்றியிருந்தார்கள். சித்திரை வந்தால் ஓடை வற்றிவிடும், புல் கருகிவிடும். அப்போது வளைக்குள் பரங்கிக்காய் வைத்திருக்கிற வீட்டில்தான் சாப்பாடு. போன கோடையில் வெடுக்கியிடம் ஒரு காய்கூட இல்லை. பசியில் குட்டிகள் அழுத அழுகை இன்னும் அவள் காதிலேயே இருந்தது. முயலின் காது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத்தான் தெரியுமே!

"இந்த வருஷம் பன்னிரண்டு காய். ஒண்ணு குறையாது!" என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு விடவில்லை. காய்ந்த புல்லைத் திரித்து, வளையமாகச் சுற்றி, பன்னிரண்டு புரிமணைகள் செய்தாள். பறித்த காய் தரையில் படாமல் உட்கார வேண்டும், அதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு மணை. அவற்றை வளைக்குள் வரிசையாகப் போட்டும் வைத்தாள். கொடியில் அப்போது ஒரு மொட்டுகூட இல்லை.

மாசி பாதியில் பூக்கள் வந்தன. சில பூக்களுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு இருந்தது. மற்றப் பூக்களுக்கு நீளமான வெறும் காம்புதான்.

"பிஞ்சு இல்லாத பூவுக்கு இங்க என்ன வேலை? தண்டச்சோறு!" என்றாள் வெடுக்கி. அந்தக் காம்புப் பூக்களை எல்லாம் சரக் சரக்கென்று கிள்ளினாள். குட்டிகளுக்கு அன்று பூக்கறி. தினமும் விடிந்ததும் இதே வேலைதான்.

தேனீக்கள் வந்தன. "ஓசியில தேன் குடிக்க வந்துட்டீங்களா? ஓடுங்க!" என்று அவர்களையும் துடைப்பத்தால் விரட்டினாள்.

சிலும்பன் கொட்டாவி விட்டபடி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அக்கா, பூவை ஏன் கிள்றீங்க? பாவம்."

"என்ன பாவம்? காய்க்காத தண்டச்சோத்துக்கு எதுக்குத் தம்பி தண்ணி?"

"காய்க்காட்டி என்னக்கா? பார்க்க நல்லா இருக்குல்ல. நான் அப்படியே விட்டுட்டேன்."

"நீ விட்டது சோம்பேறித்தனத்துல! உன் தோட்டத்துல எது கொடி, எது களைன்னு முதல்ல கண்டுபிடி. அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு."

சிலும்பன் சிரித்துக்கொண்டே தூங்கப் போய்விட்டான்.

பங்குனி பிறந்தது. வெடுக்கியின் பிஞ்சுகள் மஞ்சளடித்தன. சுருங்கின. இன்று ஒன்று, நாளை இரண்டு என்று வெம்பி உதிர்ந்தன. எரு போட்டாள், இருமடங்கு தண்ணீர் விட்டாள், ஒன்றும் பலிக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமோ, களைகளுக்கு நடுவே காய்கள் பானை பானையாகப் பருத்தன.

"உன் கொடிதான் என் தண்ணிய உறிஞ்சுது!" என்று சிலும்பனிடம் சண்டைக்குப் போனாள். அவன் கொடியின் வேர் இந்தப் பக்கம் வராதபடி வேலியை ஒட்டி ஆழமாக ஒரு பள்ளமும் வெட்டினாள். மறுநாளும் பிஞ்சுகள் உதிர்ந்தன.

கடைசியில் பிஞ்சோடு ஒரே ஒரு மொட்டு மிஞ்சியது. வளைக்குள் கடைக்குட்டி ஒரு காலிப் புரிமணையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அம்மா, காய் வர்ற வரைக்கும் நான் இதுல இருக்கட்டுமா?" என்று கேட்டது. வெடுக்கிக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே வெளியே வந்தவள், சிலும்பன் தோட்டத்துக்குப் பறந்துகொண்டிருந்த ஒரு தேனீயைப் பார்த்தாள். "நில்லு! எங்க வீட்டுப் பக்கம் ஏன் யாருமே வர்றதில்ல?"

"முதல்ல துடைப்பத்தைக் கீழ வைங்க."

வைத்தாள்.

"மகரந்தம் அந்தக் காம்புப் பூவுலதான் இருக்கு. அதுல புரண்டு, உடம்பெல்லாம் பொடியப் பூசிக்கிட்டுப் பிஞ்சுப் பூவுக்கு வருவோம். அந்தப் பொடி பட்டாத்தான் பிஞ்சு காயாகும். நீங்க பூவைக் கறி வச்சுட்டீங்க, எங்களையும் விரட்டிட்டீங்க. அப்புறம் காய் எங்கிருந்து வரும்?"

வெடுக்கி துடைப்பத்தை வளைக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில் கடைசிப் பூ விரிந்தது. வெயில் ஏறினால் வாடிவிடும். அவள் கொடியிலோ ஒரு காம்புப் பூகூடக் கிடையாது. அவள் வேலை அவ்வளவு சுத்தம்! வெட்கத்தை விட்டு வேலி ஓரம் போய் நின்றாள்.

"தம்பி..."

"என்னக்கா, பள்ளம் ஆழம் போதலையா?"

"அது இல்லப்பா. உன் தோட்டத்துல காம்புப் பூ ஒண்ணு கிடைக்குமா?"

"அந்தத் தண்டச்சோறா?" சிலும்பன் முள்ளெல்லாம் குலுங்கச் சிரித்தான். "எத்தனை வேணும்?"

ஒரு பூவை வாயில் கவ்விக்கொண்டு, தான் வெட்டிய பள்ளத்திலேயே விழுந்து எழுந்து ஓடி வந்தாள் வெடுக்கி. அதைப் பிஞ்சுப் பூவில் மெல்லத் தேய்த்தாள். மூக்கெல்லாம் மஞ்சள்.

ஒரு வாரம் போனது. பிஞ்சு உதிரவில்லை. கொடியின் பலமெல்லாம் வாங்கிக்கொண்டு, அது பெரிய காயாக வளர்ந்தது.

சித்திரை பிறந்து பல நாள் கழித்து, காய் முற்றியதும் அதைப் பறித்து ஒரு புரிமணையில் உட்கார வைத்தாள். ஆனால் ஒரு காய் மூன்று குட்டிகளுக்கு எத்தனை நாள் வரும்? பத்து நாள் வரும். கோடை முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மற்றப் பதினொரு மணைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "எல்லாம் தண்டம்!" என்று அள்ளிக்கொண்டு குப்பையில் கொட்டக் கிளம்பினாள்.

வாசலில் சிலும்பன் மூச்சிரைக்க நின்றான். "அக்கா, போன வாரம் கோடை மழை கொட்டுச்சுல்ல? என் வளையில தரையெல்லாம் ஈரம். காயை வெறும் தரையில உருட்டி விட்டிருந்தேன். மூணு காய் அடியில அழுகிப் போச்சு. இன்னும் பதினொண்ணு இருக்கு. உங்ககிட்ட அந்தப் புல்லு வளையம் ஏதாச்சும் கிடைக்குமா?"

வெடுக்கி கையில் இருந்ததைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தத் தண்டமா? எத்தனை வேணும்?"

சிலும்பன் வளையில் ஈரம் காயவே இல்லை. அதனால் அவன் காய்கள் எல்லாம் வெடுக்கியின் வளைக்கே உருண்டு வந்தன. கோடை முடியும் வரை இரண்டு வீட்டுக்கும் அங்கேதான் சமையல் என்று முடிவானது.

கடைக்குட்டி ஒவ்வொரு மணையாக எண்ணிப் பார்த்தது.

"அம்மா, பன்னிரண்டு காய். ஒண்ணு குறையல!"

நீதி: காய்க்காத பூவைத் தண்டம் என்று கிள்ளுகிறவர், காய்க்கிற பூவையும் சேர்த்தே கிள்ளுகிறார்.